பெசிசஹாரில் ஜீப் ஏறி மனாங், மூணாம் நாள் தோரோங் லா: இது சரிப்படுமா?

ஆகஸ்ட் 11, 2024, காலை. வாசகர் கேள்வி

அண்ணா, அக்டோபர்ல நேபாளத்துல அன்னபூர்ணா மலைகளைச் சுத்தி நடக்கிற அன்னபூர்ணா சுற்று போக நாங்க ரெண்டு பேர் கிளம்புறோம். மனாங் வரைக்கும் ரோடு வந்துடுச்சாமே. அதனால பெசிசஹார்ல ஜீப் ஏறி ஒரே நாள்ல மனாங். மறுநாள் தோரோங் பெடி. மூணாம் நாள் விடிகாலை தோரோங் லா கணவாயைத் தாண்டி, சாயங்காலம் முக்திநாத்ல பெருமாள் தரிசனம். அம்மாவோட வேண்டுதல் அது. லீவு ஒரு வாரம்தான். ரெண்டு பேரும் மாரத்தான் ஓடுறவங்க, மூச்சுப் பிரச்சினை எதுவும் கிடையாது. பிளான் சரியா?

ஆகஸ்ட் 11, இரவு 9.40

வேண்டாம் தம்பி. இந்த பிளானோட போகாதீங்க.

பெசிசஹார் சுமார் 800 மீட்டர். மனாங் 3,540. தோரோங் பெடி 4,450. கணவாய் 5,416. நீங்க சொல்றபடி போனா முதல் ராத்திரி 3,540ல தூக்கம், ரெண்டாம் ராத்திரி 4,450ல தூக்கம். மலை மருத்துவம் பார்க்கிற டாக்டர்கள் சொல்ற கணக்கு என்னன்னா, 3,000 மீட்டருக்கு மேல போனதுக்கப்புறம் தூங்கற உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல கூடக்கூடாது, மூணு நாலு நாளைக்கு ஒரு தடவை ஏறாம ஒரு ராத்திரி தங்கணும். நீங்க இதை ரெண்டு நாளும் மீறுறீங்க.

மாரத்தான் ஓடுறது நல்லதுதான், கால் தாங்கும். ஆனா உயரத்துல மெல்லிய காத்து ஒத்துக்காம வர்ற உயர நோய்க்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. வலுவான ஆள் வேகமா மேல ஏறிடுவார், அதனாலேயே சீக்கிரம் மாட்டிக்குவார். ரத்தமும் மூச்சும் மெல்லிய காத்துக்குப் பழக நாள் எடுக்கும். மாவு புளிக்கிற நேரத்தை நாம அவசரப்படுத்த முடியுமா? அந்த மாதிரிதான்.

ஒரு வாரம்தான்னா ரெண்டுல ஒண்ணைத் தேர்ந்தெடுங்க. வேண்டுதல்தான் முக்கியம்னா போக்ரா, ஜோம்சோம், முக்திநாத்னு அந்தப் பக்கமாவே போயிட்டு வாங்க, அம்மாவையும் கூட்டிட்டுப் போகலாம். சுற்றுதான் வேணும்னா லீவைக் கூட்டுங்க.

ஆகஸ்ட் 12, காலை 7.15

நேத்து அவசரத்துல விட்டது. அம்மாவோட போறதா இருந்தாலும் போக்ராலேர்ந்து ஒரே மூச்சுல கோவிலுக்குப் போயிடாதீங்க. போக்ரா 800 சொச்சம், முக்திநாத் கிட்டத்தட்ட 3,800. ஜோம்சோம்லயோ காக்பேனிலயோ (2,800) ஒரு ராத்திரி தங்கினா வயசானவங்களுக்குத் தலைவலி குறையும். நம்ம ஊர் யாத்திரை கோஷ்டிகள் காலையில விமானத்துல இறங்கி, ஜீப் பிடிச்சு, மதியத்துக்குள்ள தரிசனம் முடிச்சுட்டு, கோவில் படியில தலையைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்கிறதைப் பார்த்திருக்கேன். திருமங்கையாழ்வாரும் பெரியாழ்வாரும் பாடின சாளக்கிராம திவ்ய தேசம் அது. அங்க நின்னு நாலு பாசுரம் சொல்லவாவது தெம்பு வேணாமா?

விமானம்னா காலை நேரத்துலதான். ஜோம்சோம் இருக்கிற காளி கண்டகி பள்ளத்தாக்குல பத்து பதினோரு மணிக்கு மேல காத்து கிளம்பிடும். வெயில்ல மேல் பீடபூமி சூடாகி, கீழேயிருந்து காத்தை இழுக்கும். அதுக்கப்புறம் சின்ன விமானம் இறங்க முடியாது.

ஆகஸ்ட் 12, இரவு 11.05

கீழ கமென்ட்ல ஒருத்தர் "மேல ஆக்சிஜன் பத்து சதவீதம்தான் இருக்கும்"னு எழுதியிருக்கார். அப்படி இல்ல. கடற்கரையிலயும் 21 சதவீதம்தான், தோரோங் லாவிலயும் 21 சதவீதம்தான். குறையறது காத்தோட அழுத்தம். 5,400 மீட்டர்ல அது கடல் மட்டத்துல இருக்கிறதுல ஏறக்குறைய பாதி. அதனால ஒரு மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்சிஜன் பாதி. அவர் சொன்ன அளவு கிட்டத்தட்ட சரி, காரணம்தான் வேற.

உயர நோயைத் தடுக்கப் போடற டயமாக்ஸ் மாத்திரை பத்தி மூணு பேர் கேட்டிருக்கீங்க. பழகறதை அது கொஞ்சம் விரைவாக்கும். தடுப்புக்கு வழக்கமா 125 மில்லிகிராம், காலையும் சாயங்காலமும், ஏறுறதுக்கு முந்தின நாளே ஆரம்பிப்பாங்க. விரல் நுனி மரத்துப் போன மாதிரி குறுகுறுக்கும், அடிக்கடி ஒண்ணுக்கு வரும். சல்ஃபா ஒத்துக்காதவங்க டாக்டரைக் கேக்காம தொடவே கூடாது. மாத்திரை போட்டாச்சுன்னு நாளைக் குறைக்கிறதும் தப்பு. பூண்டு சூப் குடிச்சா தலைவலி வராதுன்னு எல்லா லாட்ஜ்லயும் சொல்வாங்க. அதுக்கு மருத்துவ ஆதாரம் இல்ல. ஆனா சூடா தண்ணி உள்ள போகுதே, குடிங்க.

ஆகஸ்ட் 15, மாலை 4.30

கேள்வி கேட்ட தம்பி மறுபடி எழுதியிருக்கார்: "தலைவலி வந்தா இறங்கிக்கிறோம் அண்ணா, அவ்வளவுதானே." பாதி பேர் இதைத்தான் சொல்லிட்டுப் போறாங்க. இறங்க வேண்டிய நேரத்துல இறங்கணும்னு அவங்களுக்கே தோணாது, அங்கதான் சிக்கல். அதனால நான் பார்த்ததை எழுதறேன்.

எங்க கூட்டத்துலயே வேகமா நடக்கிற நண்பர் ஒருத்தர். உடம்பு பழகறதுக்காக மனாங்ல நாங்க கூடுதலா ஒரு நாள் தங்கினோம், கங்காபூர்ணா ஏரிக்கு எதிர்ச் சரிவுல ஏறி இறங்கினோம். அவர் மட்டும் வேலை இருக்குன்னு லாட்ஜ்லயே போனை வெச்சுக்கிட்டுப் படுத்திருந்தார். யாக் கர்கா (4,050) போய்ச் சேர்ந்ததும் சாப்பாடு வேண்டாம்னார். "தூக்கம் சரியில்ல, அதான்." ராத்திரி வாந்தி. "பருப்பு ஒத்துக்கல." காலையில ஷூ லேஸைக் கட்டக் குனிஞ்சவர் ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். ரெண்டு முனையையும் கையில பிடிச்சிருக்கார், அடுத்து என்ன செய்யணும்னு தெரியல. கைடு அதைப் பார்த்துட்டு ஒண்ணும் பேசல. முற்றத்துக்கு வந்து கைத்தடியால மண்ணுல ஒரு கோடு கிழிச்சார். குதிகாலோட கட்டைவிரல் ஒட்டற மாதிரி அடி வெச்சு அது மேல நடக்கச் சொன்னார். நண்பர் நாலாவது அடியில இடது பக்கம் சாஞ்சார். சிரிச்சுக்கிட்டே "காத்து தள்ளுது"ன்னார். காத்தே இல்ல.

கைடு அவரோட பையைத் தன் தோள்ல மாட்டிக்கிட்டார். கேள்வி, பதில், ஓட்டெடுப்பு எதுவும் கிடையாது. அப்பவே மனாங்குக்கு இறங்கினாங்க. நடை தள்ளாடுறதுன்னா மூளையில நீர் கோத்துக்கிறதுக்கான அடையாளம். இன்னும் ஒரு ராத்திரி மேல தங்கியிருந்தா தூக்கிட்டுத்தான் வந்திருக்கணும். மனாங்ல ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் நடத்துற மருத்துவ நிலையம் இருக்கு. சீசன்ல வெளிநாட்டு டாக்டர்கள் தன்னார்வமா வந்து உட்கார்றாங்க. ஆக்சிஜன் வெச்சு, மருந்து கொடுத்து, மறுநாள் இன்னும் கீழ அனுப்பினாங்க. அவர் முழுசா தேறினார்.

அந்த நிலையத்துலயே மத்தியானம் உயர நோய் பத்தி ஒரு வகுப்பு எடுப்பாங்க. கட்டாயம் உட்காருங்க. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குது, இருமல்ல நுரை வருது, நடை தள்ளாடுது, பேச்சு குழறுது, இதுல எது வந்தாலும் காலை வரைக்கும் காத்திருக்கக் கூடாது. ராத்திரின்னாலும் டார்ச் போட்டு இறங்கணும்.

ஆகஸ்ட் 16, காலை 6.50

மேல எழுதினது பயமுறுத்தற மாதிரி இருக்குன்னு ஒருத்தர் வருத்தப்பட்டிருக்கார். சரி, இதையும் படிங்க.

உடம்பு பழகறதுக்கு நாள் வேணும்னு சொன்னேனே, அந்த நாளெல்லாம் வீணாப் போறதில்ல. அந்த நாள்ல தங்கற ஊருங்களுக்காகத்தான் நான் அந்தப் பக்கம் போறதே. ஜீப் ரோடு பீசாங்குக்கு அப்புறம் ஆத்தோரமா, ஹும்டே விமானத்தளம் வழியா நேரா மனாங் போயிடும். நடக்கிறவங்க மேல் பீசாங்ல (3,300) படுத்து எழுந்து, வடக்குச் சரிவுல ஏறணும். கீழ பச்சையா ஒரு குட்டி ஏரி, அதைத் தாண்டினதும் வளைஞ்சு வளைஞ்சு ஒரே ஏத்தம், சுமார் 400 மீட்டர். மேல போனா க்யாரு. எதிர்ல அன்னபூர்ணா ரெண்டு (7,937) அடி முதல் முடி வரைக்கும் நிக்கும். பக்கத்துல நாலு, மூணு, கங்காபூர்ணா.

க்யாரு வீடுகள் கல்லால கட்டினது, தட்டைக் கூரை. ஒருத்தர் கூரை அடுத்தவர் முற்றம். கூரை விளிம்பு முழுக்க விறகு அடுக்கியிருப்பாங்க. மேல ஏற ஏணின்னா, ஒரே மரத்துண்டுல வெட்டின படிகள். நான் தங்கின வீட்டு ஏணியில ஒவ்வொரு படியும் நடுவுல குழிஞ்சு, எண்ணெய் தடவின மாதிரி வழவழன்னு இருந்துச்சு. அந்த வீட்டு தீதி (அக்கா) முதுகுல ஒரு கூடை சாணி வறட்டியோட, கையால எதையும் பிடிக்காம அதுல ஏறினாங்க. நான் நாலு காலால ஏறினதைப் பார்த்து வீடே சிரிச்சது, நானும் சேர்ந்துதான். காலையில கூரையில ஜூனிப்பர் தழையைப் புகைய விட்டாங்க. அடுப்படியில பாப்பர்ங்கிற மலைத் தானிய மாவு ரொட்டி. கொஞ்சம் கசக்கும், மலை வெண்ணெய் தடவினா கசப்பு அடங்கிடும். அதோட ஒரு தம்ளர் உப்பு டீ.

அங்கிருந்து ங்காவல் (3,660) சமதளமா கொஞ்ச தூரம்தான். அங்க தூங்கிட்டு மறுநாள் மனாங்குக்கு இறங்கினா, உயரத்துல தூங்கி, தாழ்வுக்கு வந்து, மறுபடி ஏற ஆரம்பிக்கலாம். உடம்புக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. கண்ணுக்கும்தான்.

ஆகஸ்ட் 16, மதியம் 1.20

"நாலு காலால ஏறினேன்"னு எழுதினதுக்கு இவ்வளவு பேர் கை தட்டியிருக்கீங்க. ஏணியைப் படம் எடுத்திருந்தா போட்டிருப்பேன்.

ஆகஸ்ட் 18, இரவு 10.10

ரோடு வந்ததால நடைப்பயணமே செத்துப்போச்சுன்னு இங்க ஒரு பெரிய சண்டை நடக்குது. நானும் பழைய ஆட்கள் கட்சிதான். தூசி, ஹாரன், நடக்கிற பாதை மேலயே ஜீப், எனக்கும் வயித்தெரிச்சல்தான். ஆனா இதுல எனக்கு ரெண்டாவது யோசனை உண்டு.

மனாங்குக்குப் பக்கத்துல இருக்கிற ப்ராகாவில, ஐநூறு வருஷத்துக்கு மேல பழசுன்னு சொல்ற மடாலயத்துக்குக் கீழ, ஒரு பெரியவர் கடை வாசல்ல உட்கார்ந்திருந்தார். எங்க ஊரு எதுன்னு கேட்டார், சொன்னோம். உடனே தமிழ்ல "சாப்பிட்டாச்சா?"ன்னார். நாங்க வாயடைச்சுப் போயிட்டோம். சின்ன வயசுல சிங்கப்பூர்ல சிராங்கூன் ரோட்டுப் பக்கம் வியாபாரம் பண்ணினாராம். இது அதிசயமே இல்ல. மனாங்காரங்களுக்கு நேபாள ராஜாக்கள் அந்தக் காலத்துலயே வணிகச் சலுகை கொடுத்திருந்தாங்க. நாட்டுல மத்தவங்க எல்லை தாண்டாத காலத்துலயே இவங்க பாங்காக், பினாங்கு, சிங்கப்பூர், ஹாங்காங்னு போய் வந்தவங்க. இன்னைக்கு அந்தப் பள்ளத்தாக்குல பூட்டின வீடுகள் நிறைய. குடும்பம் காத்மாண்டுல இருக்கும்.

அவர்கிட்ட நான் ரோட்டைப் பத்திப் புலம்பினேன். பொறுமையா கேட்டார். அப்புறம் ஹிந்தியில சொன்னார்: ரோட்டுக்கு முன்னாடி பிரசவம் சிக்கலானா கூடையில வெச்சு நாள் கணக்கா சுமந்து இறங்கணும், இல்லன்னா ஹெலிகாப்டர் காசு வேணும். நீங்க நடக்கறதுக்காக நாங்க சுமக்கணுமா?

அதுக்கு என்கிட்ட பதில் இல்ல, இன்னைக்கும் இல்ல. ரோடு அவங்களுக்கு வேணும், வந்தது நல்லது. நாம நடக்க மேல் பாதை இருக்கு. சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட பாறை, மரம் எல்லாம் சுற்றோட நடைபாதை. நீல வெள்ளை கிளைப் பாதை. அதைப் பார்த்து நடந்தா ஜீப் தூசியைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். ஜீப்பையும் கெட்டதுன்னு சொல்லல. சாமே (2,670) வரைக்கும் அதுல போங்க, 3,000த்துக்குக் கீழதானே. அதுக்கு மேல நடங்க.

ஆகஸ்ட் 24, இரவு 9.00

"அக்டோபர்ல வானம் சுத்தமா இருக்கும், பனி பத்திக் கவலை வேண்டாம்"னு ஒரு டிராவல்ஸ்காரர் தம்பிகிட்ட சொல்லியிருக்காராம். பெரும்பாலும் அப்படித்தான். ஆனா 2014 அக்டோபர் 14ஐ யாரும் மறக்கக் கூடாது.

வங்கக் கடல்ல உருவான ஹுட்ஹுட் புயல் அக்டோபர் 12 விசாகப்பட்டினத்துல கரையைக் கடந்துச்சு. நம்ம பக்கம் மழை, மரம் சாஞ்சதுன்னு செய்தி. அதோட மிச்ச ஈரம் வடக்க போய் இமயத்துல மோதினது ரெண்டு நாள் கழிச்சு. தோரோங் லாவில அன்னைக்குக் காலையில நூத்துக்கணக்கான பேர் ஏறிட்டிருந்தாங்க. சில மணி நேரத்துல இடுப்பளவு பனி, எதிர்ல நிக்கிற ஆள் தெரியாத வெள்ளை. குறைஞ்சது 43 பேர் செத்துப்போனாங்க. கணவாய் உச்சியில இருக்கிற டீக்கடைக்குள்ள ஒதுங்கினவங்கள்ல பலர், அங்கேயே இருந்தா விறைச்சுடுவோம்னு முக்திநாத் பக்கம் இறங்கப் போய் வழி தெரியாம மாட்டினாங்க. வெளிநாட்டுக்காரங்க, கைடுங்க, போர்ட்டருங்க, யாக் மேய்க்கிறவங்க எல்லாரும் அதுல உண்டு. தகவல் மேல போய்ச் சேராததுதான் கொடுமை. புயல் வரப்போறது இந்தியா முழுக்கத் தெரியும்.

அதனால சென்னையில இருந்து கிளம்பறவங்களுக்கு என் வேண்டுகோள்: அக்டோபர்ல வங்கக் கடல்ல புயல் சின்னம் ஏதாவது இருக்கான்னு மனாங்ல நெட் இருக்கும்போதே பாருங்க. நேபாள் டெலிகாம் சிம் அங்க ஓரளவு எடுக்கும், நம்ம ஊர் சிம்மை நம்பாதீங்க. புயல் வடக்க திரும்புதுன்னா மனாங்லயே உட்காருங்க. நாள் கையில இருந்தாத்தான் உட்கார முடியும்.

செப்டம்பர் 2, காலை 8.30

கணவாய் நாள் பத்தி ரெண்டு விஷயம்.

விடிகாலை மூணு மணிக்கே கிளம்பணும்னு கைடுங்க அவசரப்படுத்துவாங்க. காத்து பத்து மணிக்கு மேல பலமாகும்கிறது உண்மை. ஆனா மூணு மணிக்கு இருக்கிற குளிர்ல விரல் போயிடும். பெடியிலேர்ந்துன்னா நாலரை அஞ்சு, மேல ஹை கேம்ப்லேர்ந்துன்னா (4,880) வெளிச்சம் கீறும்போது கிளம்பினா போதும்னு எனக்குப் படுது. ஹை கேம்ப்ல தூங்கினா கணவாய் நாள் சுருங்கும், ஆனா அந்தத் தூக்கம் தூக்கமே இல்ல. முந்தின நாள் தலைவலி துளி இருந்தாலும் பெடியிலயே படுங்க.

தண்ணி பாட்டில், வாட்டர் ஃபில்டர், போன் பேட்டரி மூணும் ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள உங்ககூட. ஃபில்டர் ஒரு தடவை உறைஞ்சா வேலை செய்யாது, பார்த்தா தெரியவும் தெரியாது.

எல்லாரும் ஏத்தத்தையே பேசறாங்க. எனக்கு இறக்கம்தான் பெரிசு. உச்சியிலேர்ந்து முக்திநாத் வரைக்கும் 1,600 மீட்டர் சரிவு, தளர்ந்த சரளை. முழங்கால் கெஞ்சும். ஊன்றுகோல் ரெண்டு எடுத்துக்கோங்க.

செப்டம்பர் 2, காலை 8.55

போர்ட்டர் பத்திக் கேட்டவருக்கு: ரெண்டு பேர் பையைச் சேர்த்து ஒருத்தர் தலையில கட்டறது வழக்கமா நடக்குது. 20, 25 கிலோவோட நிறுத்துங்க. கிளம்பற அன்னைக்கு அவரோட ஷூ, கையுறை, ஜாக்கெட்டை நீங்களே பாருங்க. கீழ் கிராமத்துலேர்ந்து வர்ற பையனுக்கும் உயர நோய் உங்களை மாதிரியேதான் வரும். அவருக்கு இன்ஷூரன்ஸ் இருக்கான்னு ஏஜென்சிகிட்ட கேளுங்க. முகம் சுளிச்சா வேற ஏஜென்சி பாருங்க.

உங்க இன்ஷூரன்ஸும் 5,416 மீட்டரைத் தாண்டின உயரத்துக்குச் செல்லணும், ஹெலிகாப்டர் மீட்பு சேர்ந்திருக்கணும். அதே நேரத்துல சாதாரணத் தலைவலிக்கே ஹெலிகாப்டர் கூப்பிடலாம்னு யாராவது வற்புறுத்தினா உஷார். கமிஷனுக்காக நடக்கிற இந்த மோசடியை 2018ல நேபாள அரசே விசாரிச்சது.

செப்டம்பர் 19, இரவு 10.45

தம்பி எழுதியிருக்கார்: லீவு கூட்டிக் கொடுத்துட்டாங்களாம், கூட வர்றவரும் சரின்னுட்டாராம். ரொம்ப சந்தோஷம். தூங்கற ஊர் வரிசை கேட்டார். சாமே, மேல் பீசாங், ங்காவல், மனாங்ல ரெண்டு ராத்திரி, யாக் கர்கா, தோரோங் பெடி, அப்புறம் கணவாய் தாண்டி முக்திநாத். இது போக ரெண்டு நாள் சும்மா கையில வெச்சுக்கோங்க. மிஞ்சினா ஜார்கோட், காக்பேனின்னு மெதுவா இறங்கலாம். காக்பேனி ஆத்தங்கரையில சாளக்கிராமக் கல் பார்க்கலாம். இமயம் எழும்பறதுக்கு முன்னாடி அங்க இருந்த டெதிஸ் கடல்ல வாழ்ந்த, சுருள் ஓடு உள்ள அமோனைட் உயிரிகளோட கற்படிவம் அது.

முக்திநாத்ல 108 தாரைக்குக் கீழ ஓடிக் குளிக்கிறதா இருந்தா, கணவாய் தாண்டின அன்னைக்கே வேண்டாம். உடம்பு களைச்சிருக்கும், தண்ணி பனி உருகினது. மறுநாள் காலையில வெயில் ஏறினதும் போங்க. பௌத்த பிக்குணிகள்தான் சன்னிதியைக் கவனிச்சுக்கிறாங்க. ஜ்வாலா மாயி குகையில தண்ணிக்குப் பக்கத்துல எரியற நீலச் சுடரையும் அவங்களே காட்டுவாங்க. அம்மாவுக்குப் பிரசாதம் மறந்துடாதீங்க.

காகித வேலை: ஆதாரை நம்பி விமான நிலையத்துக்குப் போகாதீங்க, பாஸ்போர்ட் இல்லன்னா வாக்காளர் அட்டை. அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதி பர்மிட் சார்க் நாட்டுக்காரங்களுக்கு (நாமளும் அதுல உண்டு) 1,000 நேபாள ரூபாய். கைடு கட்டாயம்னு 2023 ஏப்ரல்ல விதி வந்துச்சு. விதி இருக்கோ இல்லையோ, நீங்க கைடோட போங்க. யாக் கர்காவில கோடு கிழிச்சவரை நினைச்சுக்கோங்க. சாமேயிலேயே ரொக்கம் போதுமான அளவு வெச்சுக்கோங்க. அக்டோபர் கூட்டத்துல யாக் கர்காவிலயும் பெடியிலயும் அறை சீக்கிரம் நிரம்பிடும், மனாங்லேர்ந்தே கைடை விட்டு போன்ல சொல்லி வெக்கச் சொல்லுங்க.